போகியன்று கழற்றிய கதவு

உலகச் சண்டைக்கு முன்பு, வெள்ளைக்காரர்கள் ஆண்ட காலத்தில், மலாக்கா காஜா பெராங்கில் நாங்கள் குடியிருந்தோம். அந்த வருஷம் போகிக்கு முன்பே மழை பிடித்துக்கொண்டது. ஆறு பெருகி ஊருக்குள் வரப்போகிறது என்று எங்கு பார்த்தாலும் அதே பேச்சு.

நான் சட்டென்று பதறுகிற ஆள் இல்லை. அரிசியைப் பரணில் ஏற்றினேன். தீப்பெட்டியைப் பிஸ்கட் டின்னில் போட்டு இறுக மூடினேன். ஆட்டை மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டிப் போய்க் கட்டிவிட்டு வந்தேன். பூனையைக் கூடையில் அடைப்பதற்குள் அது என் கையை ரத்தம் வரப் பிறாண்டிவிட்டது, சனியன்! தொடையெலும்பு முறிந்து, மூங்கில் பத்தை வைத்துக் கட்டிப் படுத்துக் கிடந்த என் கணவருக்கு மாட்டுவண்டி சொல்லி வைத்திருந்தேன்.

"விட்டா வீட்டையே மூட்டை கட்டிடுவே போலிருக்கே" என்று அவர் கிண்டல் செய்தார்.

போகியன்று மத்தியானம் தண்ணீர் வந்தது. வண்டி வரவில்லை. சாலையில் வெள்ளத்தைக் கண்டு மாடு மிரண்டு திரும்பிவிட்டதாம், பிறகுதான் தெரிந்தது. கட்டில் கால்களுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்தேன். அதுவும் முங்கியது. அவரை ஒற்றை ஆளாகத் தூக்கப் பார்த்தேன். வலியில் அவர் போட்ட கத்தலில் கையை எடுத்துவிட்டேன்.

எங்கள் வீட்டைவிடக் கொஞ்சம் மேடான பக்கத்து வீட்டில், பல தலைமுறையாக அங்கேயே வாழ்கிற ஒரு மலாக்கா செட்டிக் குடும்பம். நம்மைப் போலவே சாமி, விபூதி எல்லாம் உண்டு, பேச்சு மட்டும் மலாய். போகியன்று இறந்துபோன முன்னோருக்கு நடுவீட்டில் இலை போட்டுப் படைப்பார்கள். பிறகு கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிடுவார்கள். முன்னோர் சாப்பிட்டு முடிக்கும்வரை அந்த வீட்டில் யாரும் கதவைத் திறக்க மாட்டார்கள்.

"இன்னைக்குப் போய் அவங்களைக் கூப்பிடாதே. அந்தப் பாவம் நமக்கு வேணாம்" என்றார் என் கணவர்.

"பாவம் பார்த்துக்கிட்டிருந்தா நீங்க முங்கிடுவீங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

அங்கே போனால், வாசலில் முழங்கால் தண்ணீரில் வீட்டுக்கார அம்மாளும் அவருடைய இரண்டு மகன்களும் கைகட்டி நிற்கிறார்கள். பின்னால் கதவு சாத்தியிருக்கிறது. அதைப் பார்த்ததும் திரும்பிவிடலாமா என்று நின்றேன். அந்த அம்மாள்தான் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கெனாபா?" என்றார், என்ன விஷயம் என்று. தெரிந்த மலாயில் சொன்னேன், கால் முறிந்தவர், வண்டி இல்லை, தண்ணீர் கட்டிலைத் தொட்டுவிட்டது என்று.

அவர் கதவைத் தட்டினார். கைகூப்பி, உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களிடம் மெதுவாக மன்னிப்புக் கேட்டார். பிறகு மகன்கள் பக்கம் திரும்பி, "அங்காட்!" என்றார். தூக்குங்கள் என்று அர்த்தம். அவர்கள் அந்தக் கதவையே கீலோடு பெயர்த்து எடுத்தார்கள். உள்ளே அப்போதுதான் நுழைந்த தண்ணீரில் வாழையிலைகள் சோறும் கறியுமாக ஆடிக்கொண்டிருந்தன. அவர்களில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

என் கணவரைக் கதவின் மேல் கிடத்தி, நெஞ்சில் பூனைக் கூடையை வைத்து, அந்த அம்மாளும் நானும் உள்பட நாலு பேரும் மேட்டுக்குத் தூக்கிப் போனோம். வழியெல்லாம் பூனையும் அவரும் மாறி மாறிக் கத்தினார்கள். தண்ணீர் வடிந்து வீடு திரும்பியபோது, கட்டிலுக்கு மேலே சுவரில் என் தலை உயரத்துக்குச் சேறு படிந்திருந்தது.

சாப்பிட உட்கார்ந்தவரைப் பாதியில் எழுப்ப நமக்கு மனசு வராது. வருஷத்துக்கு ஒருமுறை வரும் தங்கள் முன்னோரையே பாதி இலையில் எழுப்பிவிட்டு, நேற்று வந்து குடியேறிய எங்களுக்காக அவர்கள் கதவைக் கழற்றினார்கள்.