காளையின் நெற்றியை அம்மா துடைத்த நாள்

மூங்கில் தடி மனிதத் தலையில் விழும் சத்தம் பெரிதாக இருக்காது; ஈரத்துணியைக் கல்லில் ஒரு தரம் அடித்தது போலத்தான் கேட்கும். என் அம்மாவின் தலையில் அது விழுந்ததை ஒன்பது வயதில், கையெட்டும் தூரத்தில் நின்று கேட்டேன். அடித்தவர் என் அப்பா.

ஐம்பதுகளில் பர்கூருக்குப் பக்கத்தில், ஊரைவிட்டுத் தள்ளியிருந்த எங்கள் தெருவில் பன்னிரண்டு வீடுகளும் கிறிஸ்தவ வீடுகள். ஆண்கள் அத்தனை பேரும் ஊர்ப் பெரியதனக்காரரின் 'கொல்லை' என்கிற புன்செய் நிலத்தில் பண்ணையாட்கள். தை மாதத்து 'எருது விடும்' நாளில், கொம்பில் 'தட்டி' என்கிற வண்ண மூங்கில் சட்டம் கட்டிய காளைகளை ஊர்த்தெருவில் அவிழ்த்துவிடுவார்கள். எங்கள் தெருக் காளை எதுவும் அந்த மண்ணை மிதித்ததில்லை. தான் குடிக்கிற கூழில் பாதியைக் கொடுத்து அப்பா வளர்த்த செவலைக் காளையைப் பார்த்துவிட்டு, அந்த வருஷம் பெரியதனக்காரரே வாய்விட்டுச் சொன்னார்: "ஓட்டிக்கினு வாடா. ஆனா மாரியம்மங்கோயில் முன்னால நிறுத்தி, மஞ்சத்தண்ணி தெளிச்சி, பொட்டு வெச்சிக்கினுதான் விடணும்." அப்பாவுக்கு அன்று கால் தரையில் பாவவில்லை.

அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. அப்பாவுக்கும் எனக்கும் வேதம் பிறப்போடு வந்தது. அவளோ தாய்வீட்டையே விட்டுவிட்டு வந்து ஞானஸ்நானம் வாங்கியவள். பொட்டு வைக்கலாமா கூடாதா என்ற வழக்கு உபதேசியாரிடம் போயிற்று. பங்குச் சாமியார் மாதம் ஒரு தரம்தான் வருவார் என்பதால் மற்ற நாளெல்லாம் உபதேசியார் சொன்னதுதான் எங்களுக்குச் சட்டம். எங்கள் பிழைப்பு யார் கையில் இருக்கிறது என்று தெரிந்த சாந்தமான மனுஷர் அவர்.

"ஏம்மா, மாட்டுக்கா ஞானஸ்நானம் குடுத்தோம்? அது நெத்தியில எதப் பூசுனா என்ன? நாமளும் இந்த ஊர்ல பொழைக்கணும் இல்ல."

"மாடு தானா போயி அங்க நிக்கல உபதேசியாரே. இவுருதான் கயித்தப் புடிச்சிக்கினு நிக்கப் போறாரு" என்றாள் அம்மா.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

கோயில் முன்னால் செவலையின் நெற்றியில் பூசாரி குங்குமத்தை அப்பிவிட்டு நகர்ந்ததும், கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்த அம்மா, முந்தானையை எச்சிலில் நனைத்து, என் முகத்தைத் துடைப்பது போலவே அதைத் துடைத்தெடுத்தாள். மேளம் நின்றது. அப்பாவின் தடி இறங்கியது. ஊரார் கை வைக்கும் முன் தானே அடித்துவிட்டால் அவளை விட்டுவிடுவார்கள் என்று நினைத்ததாகப் பின்னால் சொன்னார். பாவி மனுஷன், ரத்தத்தைப் பார்த்த கூட்டம் வெறிகொள்ளும் என்று அவருக்குத் தோன்றவில்லை. அம்மாவை மயிரைப் பிடித்து இழுத்துப் போட்டு விலாவில் மிதித்தார்கள். மிரண்ட செவலை கயிற்றை அறுத்துக்கொண்டு பாய்ந்ததில், அவளை மறைக்கக் குறுக்கே விழுந்த அப்பாவின் தொடை கிழிந்தது. பொழுது சாய்வதற்குள் எங்கள் கூரையும் பக்கத்து வீடுகள் இரண்டும் எரிந்தன; பன்னிரண்டு வீட்டுக்கும் வேலை நின்றது.

நான்காம் நாள் கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்கு உபதேசியார் வந்தார். "கோயில்ல ஒரே ஒரு தேங்கா ஒடச்சி மன்னிப்புக் கேட்டா போதுங்கறாங்க. மத்த வீட்டுப் புள்ளைங்க பட்டினி கெடக்குதும்மா" என்று அழுதேவிட்டார். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். நொண்டிக்கொண்டு வந்து, அடித்த கையாலேயே அவளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்த அப்பா, "அவ வரமாட்டா. நானும் வரல" என்றார். மற்றப் பதினொரு வீட்டாரும் சேர்ந்து போய்த் தேங்காய் உடைத்தார்கள். நாங்கள் ஒசூருக்கு ஓடி வந்தோம்.

இன்று, ஆலைகளால் பெருத்த இந்த ஊரில், பொங்கலன்று எங்கள் தேவாலய வாசலிலேயே பானை வைக்கிறோம். பசுவுக்கு மாலை போட்டு, சந்தனமும் குங்குமமும் வைத்து, இளம் சாமியார் தீர்த்தம் தெளிக்கிறார். நம் பண்பாடு வேதத்துக்கு விரோதமில்லை என்று அவர் பிரசங்கிப்பது எனக்கும் நியாயமாகத்தான் படுகிறது. பொங்கலும் ருசியாகவே இருக்கிறது. அம்மா செய்தது விசுவாசமா, வெறும் பிடிவாதமா, அந்தப் பிள்ளைகளின் பட்டினிக்கு அவள் என்ன பதில் வைத்திருந்தாள் என்று எனக்குத் தெரியாது. எங்கள் சபையில் இப்போது யாரும் யாரையும் அடிப்பதில்லை. அடித்தாலும் விடமாட்டேன் என்று பிடித்துக்கொள்ள எங்களில் யாரிடமும் எதுவும் இல்லை, என்னிடமும்தான்.