பஞ்சுப் பனியில் நின்ற அக்கா

இன்று மாலை என் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். காலையிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. நாற்காலித் திண்டுகளை மறுபடி மறுபடி தட்டியதில் ஒன்று பிரிந்து, இலவம்பஞ்சு கூடமெல்லாம் பறந்தது. ஓரமாய் உட்கார்ந்திருந்த அக்கா சிரித்தாள். எதை நினைத்துச் சிரித்தாள் என்று எனக்குத் தெரியும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நாங்கள் சிங்கப்பூருக்கு வடக்கே, நியாலாஸ் என்ற ஊர்ப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் இருந்தோம். அப்பா தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி. அங்கே இரண்டு வீட்டார் அக்காவைப் பார்த்து, கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, நிறம் போதாது என்று போயிருந்தார்கள். அப்புறம் வீட்டில் அக்கா சிரித்து யாரும் பார்க்கவில்லை. மூன்றாவது இடம் சிங்கப்பூர். தோட்டத்துக்கு வர அவர்கள் கௌரவம் இடம் கொடுக்கவில்லையாம். தரகு பேசிய மாமா ஒரு வழி கண்டுபிடித்தார். கிறிஸ்துமஸுக்காக அங்கே ஒரு பெரிய மண்டபத்துக்குள் குளிர்காலத் திருவிழா நடக்கிறது. பெண் அங்கே வந்து நிற்கட்டும், கூட்டத்தோடு கூட்டமாய் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். “புடிச்சா பேசுவோம். புடிக்கலன்னா யாருக்கும் தெரியாதுலா” என்றார். எங்களுக்குத் தெரியாதா என்ன! இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

தம்பின் ஸ்டேஷனில் ரயிலேறிச் சிங்கப்பூர் போனோம். மண்டபத்துக்கு வெளியே உடம்பெல்லாம் கசகசவென்று வேர்த்தது. உள்ளே கூரையிலிருந்து பனி பெய்தது. எல்லாம் இலவம்பஞ்சு. மரத்தில் பஞ்சு, மரக் கலைமானின் முதுகில் பஞ்சு. வெள்ளைக்காரக் குழந்தைகள் கம்பளிக் குல்லாய்க்குள் சிவந்துபோயிருந்தன. அம்மாவோ அக்காவின் முகத்தில் பவுடரை அப்பிக்கொண்டே இருந்தாள். வேர்வை அதைக் கோடு கோடாய் வழித்தது. அத்தனை வெள்ளைக்கு நடுவே அக்கா இன்னும் கறுப்பாய்த் தெரிந்தாள். இடம் பார்த்த மாமாவுக்கு அது தோன்றவே இல்லை பாருங்கள்!

“மரத்துக்கிட்ட நில்லும்மா. நிமிந்து பாக்காத” என்றார் மாமா. நின்றாள். யார் பார்க்கிறார்கள் என்று தெரியாமல் நிற்பது என்ன இம்சை! கால் மாற்றினாள், முந்தானையைத் திருகினாள். “யாருடி?” என்று என்னிடம் கிசுகிசுத்தாள். குடை வைத்திருந்தவரைச் சொன்னேன், அவர் நகர்ந்துவிட்டார். தங்கப்பல்காரரைச் சொன்னேன், அவர் பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்தவர். அப்போதுதான் மாடியில் கம்பியைப் பிடித்தபடி ஓர் இளைஞன் எங்களையே உற்றுப் பார்ப்பதைக் கண்டேன்.

“மேல நிக்கிறாருக்கா.”

அக்கா நிமிர்ந்தாள். என்ன நினைத்தாளோ, விறுவிறுவென்று மாடி ஏறினாள். நான் பின்னாலேயே ஓடினேன். அவன் எதிரில் போய் நின்று, “நல்லாப் பாத்தாச்சா? இப்ப நான் பாத்துக்கிறேன்” என்றாள்.

அவன் மிரண்டுபோனான். காலடியில் ஒரு கூடைப் பஞ்சு. “நானாக்கா? பஞ்சு சரியா விழுதான்னு பாத்தேங்க்கா. மொதலாளி ஏசுவாருலா.” அவன் தலையில், மீசையில் எல்லாம் பஞ்சு.

அக்கா சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். மண்டபமே அண்ணாந்து பார்த்தது.

கீழே மாமா தலையில் கைவைத்து நின்றார். மாப்பிள்ளை வீட்டார் வாசல் பக்கமிருந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டார்களாம். “வேணாம்னுட்டுப் போயிட்டாங்க. அடக்கம் போதாதாம்.” அம்மா அழ ஆரம்பித்தாள்.

அப்பா கேட்டார்: “எம் பொண்ணு சிரிச்சத பாத்தாங்களா?”

“பாத்தாங்க.”

“அதப் பாத்துமா வேணாம்னாங்க? அப்ப நமக்கும் வேணாம்.”

பிறகு மெர்லிமா ஊரிலிருந்து பெண் பார்க்க வந்தவரை, அக்கா எதிரில் உட்கார்ந்து, நேராகப் பார்த்துத்தான் சம்மதித்தாள்.

வாசலில் கார் வந்து நிற்கிறது. என் மகள் அக்கா நிறம். பவுடர் டப்பாவோடு அவளிடம் ஓடுகிறேன்.

“என்னத்தடி மூஞ்சில அப்பப் போற?” என்கிறாள் அக்கா.

என் கை நின்றுவிட்டது. டப்பாவை மூடுகிறேன். மகளின் தலைமுடியில் ஒட்டியிருக்கும் பஞ்சையாவது எடுக்கலாமென்று கையை நீட்டுகிறேன்.

“விடுடி, இருக்கட்டும்.”