குகதாசனைக் கொன்ற கதை

பத்து வயதில் நான் எழுதிய கதைகளுக்கெல்லாம் பேப்பரில் வரும் மரண அறிவித்தல்களில் இருந்துதான் பெயர் எடுப்பேன். ஓர் அறிவித்தலிலேயே இருபது பேர் வருவார்கள்: கணவர், மருமக்கள், கனடாவில் இருக்கும் பெறாமக்கள். பெயருக்குப் பஞ்சமே இல்லை. "உனக்குப் பேர் தரவெண்டே சனம் சாகுது" என்று அப்பா நக்கலடிப்பார்.

பாடசாலைக் கதைப் போட்டிக்கு மறுநாள் கதை கொடுக்க வேண்டும். அன்று பார்த்து அடைமழை, பேப்பர் வரவில்லை. முதற்பரிசு எனக்குத்தான் என்று மனக்கோட்டை கட்டியிருந்த நான் அம்மாவின் அலுமாரியைக் கிண்டினேன். சேலைகளுக்கு அடியில் ஒரு பழைய கொப்பி இருந்தது. மட்டையில் வடிவான கையெழுத்தில் 'க. குகதாசன், ஆண்டு 11'. அடடா, கதாநாயகனுக்கென்றே வைத்த பெயர்! கடலுக்குப் போன குகதாசனைப் புயலில் சாகடித்தேன். கடைசிப் பக்கத்தில் கட்டம் போட்டு, கிரியைகள் நடக்கும் நேரம் குறித்து, அவனுக்கு ஒரு மரண அறிவித்தலும் எழுதினேன்.

மாலையில் அதை அம்மாவுக்கு உரக்க வாசித்துக் காட்டினேன். 'அகால மரணமடைந்தார்' என்ற இடத்தில் பளாரென்று கன்னத்தில் அறை விழுந்தது. அன்றுவரை அம்மா என்னை அடித்ததே இல்லை.

"ஆரடி உனக்கு இந்தப் பேர் தந்தது? ஆர் சொன்னது அவன் செத்தவனெண்டு?" என்று அம்மா கத்தினார்.

அப்பாதான் என்னை விறாந்தைக்குக் கூட்டிப்போய்ச் சொன்னார். "அது உன்ரை ராசன் மாமான்ரை பள்ளிக்குடத்துப் பேர், பிள்ளை. யுத்தம் முடிஞ்ச நேரம் காணாமல் போனவர். அவருக்கு ஒரு திவசம் செய்யவும் அம்மா இன்னும் விடேல்லை."

படத்தில் மட்டுமே பார்த்த அம்மாவின் தம்பியையா நான் கொன்றுவிட்டேன்?

சற்று நேரத்தில் அம்மா அந்தக் கொப்பியோடு வந்து என் பக்கத்தில் இருந்தார்.

"மாத்தி எழுது. அவன் திரும்பி வாறான் எண்டு எழுது."

பரிசு போச்சு என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே எரிச்சல். ஆனாலும் கன்னம் இன்னும் எரிந்ததால் பேசாமல் மரண அறிவித்தலை வெட்டிவிட்டு எழுதத் தொடங்கினேன்.

"எந்தப் பக்கத்தாலை வாறான்?"

"கிணத்தடிப் படலையைத் திறந்துகொண்டு, அம்மா."

"மெலிஞ்சுபோனானோ?"

"ஓம்."

"வந்தவுடனை என்ன கதைச்சவன்?"

எனக்குப் பசி வயிற்றைக் கிள்ளியது. "'அக்கா, பசிக்குது' எண்டு சொன்னவர்" என்றேன்.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் அடுப்படிக்கு ஓடினார். அந்த முடிவும் அவருக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்து, நான் அந்த வரியை அழித்துவிட்டேன்.