கடைசி எபிசோடு வீட்டில்

அடைக்கலமேரியை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பியவர்கள் அவள் கைராசியைப் பற்றிப் பேசினார்கள், வாயைப் பற்றிப் பேசினார்கள். கல்மண்டபம் மார்க்கெட்டில் அவளிடம் மீன் பேரம் பேசி ஜெயித்தவர் எவரும் இல்லை என்றார்கள். அவளுடைய பயத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அது வெளியே தெரியாதபடி பார்த்துக்கொண்டிருந்தாள் அவள்.

அந்தப் பயம் அவளுடைய தம்பியால் வந்தது. கடலுக்குப் போன அன்று அவன் கிழிந்த கைலியைத் தைத்து வைத்தான், சைக்கிளுக்கு பிரேக் மாட்டினான், பேசாமலிருந்த தோஸ்துவோடு ராசியானான், சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனான். போட் திரும்பவில்லை. "எல்லாத்தையும் முட்ச்சிட்டுப் பூட்டான், அதான் வர்ல" என்று அம்மா மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். மேரி அந்தச் சொல்லை மனதில் பிடித்துக்கொண்டாள்.

காசிமேட்டில் விசைப்படகு ஓட்டும் இன்னாசியைக் கட்டிக்கொண்ட பிறகு, ஒவ்வொரு முறை அவன் கிளம்பும்போதும் எதையாவது பாதியில் விட்டுவைப்பாள். சட்டையில் ஒரு பொத்தான் தைக்காமல் கிடக்கும். சண்டை போட்டால்கூட முடிக்கமாட்டாள். "மீதி வந்தப்புறம்" என்று நிறுத்திவிடுவாள். கடலில் பத்துப் பன்னிரண்டு நாள் அவன் அந்த மீதிச் சண்டைக்கு பதில் யோசித்துக்கொண்டிருப்பான்.

அப்புறம் 'மூணாவது விசில்' வந்தது. டிவியில் ஓடிய குடும்பக் காமெடித் தொடர். வீட்டோடு வந்து தங்கிவிட்ட மாப்பிள்ளை, அவனைத் துரத்த ஆயிரம் வழி தேடும் மாமனார், இருவருக்கும் சோறு போட்டே சலித்துப்போன அம்மா. ஒரு சீசனுக்குப் பன்னிரண்டு எபிசோடு. சீசன் முடிந்ததும் மேரி அதை மெமரி கார்டில் ஏற்றி இன்னாசியின் போனில் போட்டு அனுப்புவாள். வலை இழுத்து முடித்த சாயங்காலம் ஒரு எபிசோடு. பார்த்து முடித்ததும் வயர்லெஸ்ஸை அவசரத்துக்கான பதினாறாம் சேனலிலிருந்து அரட்டைக்கான எட்டுக்கு மாற்றி, பக்கத்துப் போட்டுக்காரர்களோடு சண்டை ஆரம்பிப்பார்கள். எந்த எபிசோடு நம்பர் ஒன், எது கடைசி என்று.

பெண் பார்க்க வந்தவர்கள் ஹாலில் உட்கார்ந்திருக்க, மாமனார் பாத்ரூமில் மாட்டிக்கொள்ளும் எபிசோடுதான் முதல் என்பான் இன்னாசி. கூடப் போகும் சாலமனுக்குப் பாட்டியின் பல்செட் தொலைந்த எபிசோடு. "அதுல இன்னா கீது? பல்லு பூடுது, பல்லு வருது" என்று பக்கத்துப் போட்டிலிருந்து எவனாவது கத்துவான்.

ஆனால் கடைசி எபிசோடு மட்டும் கார்டில் இருக்காது. அது மேரியின் போனில் இருக்கும். போட் கரை ஏறிய நாள் இன்னாசியும், சாலமனும், அவன் மனைவி தங்கபுஷ்பமும் மேரி வீட்டு டிவி முன்னால் உட்காருவார்கள். வஞ்சிர வறுவலோடு கடைசி எபிசோடு ஓடும். பார்த்த பிறகுதான் வரிசை முடிவாகும். ஏன் இப்படி என்று யாரும் கேட்டதில்லை. சும்மா ஒரு வேடிக்கை என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஓர் ஐப்பசியில் கிளம்பும்போது சாலமன் வம்பிழுத்தான். "இன்னாக்கா, கடைசி எபிசோட இன்னா லாக்கர்ல வச்சுப் பூட்டிகினு கீறியா? பக்கத்துப் போட்டுக்காரன்லாம் பாத்துட்டு நம்பர் போட்டுட்டானுங்க. நாங்க மட்டும் பேக்கு மாரி உக்காந்துகினு கீறோம்."

"வந்து பாரேன்டா. எங்க பூடப்போது?"

"அண்ணே, ஒம் பொண்டாட்டிக்கு நம்ம மேல நம்பிக்கையில்ல. நாம திரும்பி வரமாட்டோம்னு நெனைக்குது."

சாலமன் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அந்தப் பேச்சு இன்னொரு தரம் வெளியே வரக்கூடாது என்பதற்காகவே மேரி கார்டை வாங்கி, கடைசி எபிசோடையும் ஏற்றிக் கொடுத்துவிட்டாள். அவர்கள் போன பிறகு வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். பொத்தான் எல்லாம் தைத்திருந்தது. சண்டை எதுவும் பாக்கியில்லை. இந்தத் தடவை ஒன்றுமே மீதி வைக்கவில்லை.

வங்காள விரிகுடாவில் புயல் சின்னம் என்று செய்தி வந்தபோது துறைமுகத்தில் முதலில் ஒன்றாம் எண் கூண்டு ஏற்றினார்கள். மறுநாள் மூன்றானது. கடலுக்குப் போன போட்டுகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. மேரி கூடையை மார்க்கெட்டிலேயே போட்டுவிட்டுக் காசிமேட்டுக்கு ஓடினாள். இன்னாசியின் போட் இல்லை. அப்போதுதான் கயிறு கட்டிக்கொண்டிருந்த ஒருவனைப் பிடித்தாள்.

"எங்க போட்டப் பாத்தியா நைனா?"

"நேத்து சாய்ங்காலம் பேசுனாங்களே. பயவேற்காட்டுக்கு நேரா கீறாங்க. ஒரே சிரிப்பு. சாலமன்தான் கத்திகினு இருந்தான், கடைசி எபிசோட இன்னிக்கே போட்டு கணக்க முட்ச்சிருவோம்னு. அப்பால பதினாறுல புயல் சேதி வந்துச்சு, நாங்க கெளம்பிட்டோம்."

முடித்துவிட்டார்கள். அவள் கையாலேயே கொடுத்து அனுப்பியதை அவர்கள் பார்த்து முடித்துவிட்டார்கள்.

மேரி போய்ச் சேர்ந்தபோது தங்கபுஷ்பம் ஏற்கெனவே போட் ஓனர் செல்வநாதனின் அறை வாசலில் ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தாள். உள்ளே செல்வநாதன் வயர்லெஸ் செட்டில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். இரைச்சல்தான் பதில். வெளியே காற்று தகரக் கூரையைத் தூக்கித் தூக்கிப் போட்டது. அந்தச் சத்தம் வரும்போதெல்லாம் தங்கபுஷ்பம் மேரியின் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"பதினாறுலயே கூப்டுகினு கீறேன்மா. எடுக்க மாட்றானுங்க" என்றார் செல்வநாதன்.

"எட்டுல கூப்டுண்ணே" என்றாள் மேரி.

"அது இன்னா எட்டு?"

"அதுலதான் நம்பர் போட்டு வாயடிப்பானுங்க. பேசிட்டு அப்டியே உட்டுருப்பானுங்க. பதினாறுக்கு மாத்தியிருக்க மாட்டானுங்க."

"புயல் எச்சரிக்கை வர்ற நேரத்துல எவனாவது..." செல்வநாதன் குமிழைத் திருப்பினார். கூப்பிட்டார். இரைச்சல். மறுபடி கூப்பிட்டார். மேரி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மூன்றாவது தரம் கூப்பிட்டபோது இரைச்சலுக்குள்ளிருந்து இன்னாசியின் குரல் பிய்ந்து பிய்ந்து வந்தது.

"இன்னா ஓனரே, நீயும் எட்டுக்கு வந்துட்டியா? ஒனுக்கு எந்த எபிசோடு?"

"டேய், எபிசோடாடா கேக்குற! மூணாம் கூண்டு ஏத்தி நேரமாச்சு. வலைய வெட்டிட்டுக் கெளம்புடா!"

"காத்து மாறிச்சேன்னு பாத்தேன். கெளம்புறோம்" என்றான் இன்னாசி. குரலில் சிரிப்பு போயிருந்தது.

மேரி மைக்கைப் பிடுங்கினாள். கரைக்கு எவ்வளவு தூரம், எஞ்சின் சரியா, டீசல் இருக்கிறதா என்று கேட்க வேண்டியது எவ்வளவோ இருந்தது.

"யோவ், கடைசி எபிசோட பாத்துட்டீங்களா?"

செல்வநாதன் அவளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும்.

"இல்லமே. சாலமன் போடச் சொல்லி ஒரே பேஜாரு. நான்தான் வாணான்ட்டேன். அது வூட்ல பாக்குறது. நீ இல்லாம எப்டிமே நம்பர் போட்றது?"

அவள் மைக்கை மேசைமேல் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். பயம் போய்விடவில்லை. இன்னும் அத்தனை கடலையும் அவர்கள் தாண்டி வர வேண்டும். ஆனால் பிடித்துக்கொள்ள ஒன்று கிடைத்திருந்தது.

அன்றைய வெளிச்சம் போவதற்குள் போட் துறைமுக வாயிலுக்குள் வந்தது. ஒரு பக்கக் கட்டை உடைந்திருந்தது. வலை இல்லை. இறங்கிய இன்னாசியை அவள் கட்டிப்பிடிக்கவும் இல்லை, அழவும் இல்லை. "சோமாரி" என்று ஒரு வார்த்தை திட்டினாள், அவ்வளவுதான். அவன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, ஈரக் கையாலேயே மூடியைப் பிரித்து, கார்டை உருவித் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

புயலில் கரண்டு போய்விட்டது. பல நாள் வரவில்லை. வந்த காலையில் போட் மறுபடி கடலுக்குத் தயாராக நின்றது. சாலமன் வீட்டுக்குள் வந்து டிவி முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"போடுக்கா. பாத்துட்டுக் கெளம்பிட்றோம். பல்செட்டா பாத்ரூமான்னு இன்னிக்கி ஒரு முடிவு தெர்யணும்."

மேரி சுவிட்சை அணைத்தாள்.

"வந்து பாரு" என்றாள்.

இன்னாசி சாலமனின் தோளைத் தட்டி எழுப்பினான். இந்த முறை சாலமனும் சிரிக்கவில்லை.