நான் அனுப்பிய பீதி

எழுபதுகளின் நடுவில் திருவண்ணாமலைத் தேரடித் தெருவில் எனக்கு ஒரு சின்ன எழுதுபொருள் கடை இருந்தது. நோட்டு, பேனா, மைப்புட்டி, பள்ளிக்கூடம் திறக்கிற மாதத்தில் பிரவுன் அட்டை. அது போக, சென்னையிலிருந்து வரும் ஒரு நாளிதழுக்கு உள்ளூர்ச் செய்தியும் அனுப்பிக்கொண்டிருந்தேன். பேர் வராது. ‘நமது நிருபர்’ என்று மட்டும் போடுவார்கள். அந்த இரண்டு சொல்லைப் பார்ப்பதற்காக விடியும் முன்பே பஸ் ஸ்டாண்டில் பேப்பர் கட்டுப் பிரிக்கும் இடத்தில் போய் நிற்பேன். அவ்வளவு பைத்தியம்.

இது என் மாமனாருக்குத் தெரியாது. பத்திரிகைக்கு எழுதுகிறவன் போலீஸ், கோர்ட்டு என்று வம்பில் மாட்டிக்கொள்வான் என்பது அவர் எண்ணம். அதனால் பெண் பார்க்கப் போனபோது கடையை மட்டும் சொன்னோம். செய்யாற்றுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் அவருக்கு விவசாயம். பேப்பரை விளம்பரம் உட்பட ஒரு வரி விடாமல் படிப்பார். அச்சில் வந்துவிட்டால் அவரைப் பொறுத்தவரை அது நடந்தேவிட்டது.

ஆவணியில் அவர் வீட்டில்தான் என் மகள் பிறந்தாள். பேர் வைத்த அன்று பார்த்ததுதான். கார்த்திகை முடிவதற்குள் தாயையும் பிள்ளையையும் அனுப்பிவைப்பதாகப் பேச்சு. மார்கழியில் அனுப்ப மாட்டார்கள், விட்டால் தைதான். நான் உத்தரத்தில் தொட்டிலைக் கட்டிவிட்டு, வெறும் தொட்டிலை ஆட்டிப் பார்த்துக்கொண்டு நாட்களை எண்ணினேன்.

தீபத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, அடி அண்ணாமலையில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கப் போன நான்கு பேருக்கு வாந்திபேதி என்று கேள்விப்பட்டு சைக்கிளை எடுத்தேன். முதல் நாள் ஒரு கருமாதி வீட்டில் மீந்த சாம்பார் சோற்றை மறுநாள் கழனிக்குக் கட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். அது ஊசிப்போயிருந்தது. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றிவிட்டு, மறுநாள் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். இவ்வளவுதான்.

சென்னைக்குத் தந்தியில்தான் செய்தி போகும், சொற்களைச் சுருக்க வேண்டும். ‘சோறு ஊசிப்போனது’ போயிற்று. ‘தேறிவருகிறார்கள்’ போயிற்று. ஆனால் கடைசியில் ‘மக்கள் பீதி’ என்று இரண்டு சொல் சேர்த்தேன். அது இல்லாத செய்தியைச் சென்னையில் போட மாட்டார்கள் என்பது என் அனுபவம். உண்மையில் அன்று ஊரில் ஒருவரும் பயப்படவில்லை. பயம் மறுநாள் பேப்பரோடுதான் வந்து இறங்கியது. சென்னை அலுவலகத்தில் யாரோ தன் பங்குக்கு ‘காலரா’ என்று சேர்த்திருந்தார்.

அதற்கப்புறம் ஊர் ஊராக இல்லை. தீபத்துக்காக லாட்ஜ்களில் சொல்லிவைத்த அறைகளை வேண்டாம் என்றார்கள். காலராவுக்கு நல்லதென்று ஆளாளுக்கு வாங்கியதில் எலுமிச்சம்பழம் கிடைக்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் சுகாதாரத் துறைக்காரர்கள் மேசை போட்டு, வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் காலரா ஊசி போட்டுச் சீட்டுக் கொடுத்தார்கள். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது. நம் எழுத்துக்கு இவ்வளவு வேகமா என்று.

நான்காம் நாள் மாமனாரின் இன்லண்ட் கடிதம் வந்தது. உங்கள் ஊரில் காலரா பரவியிருப்பதாகப் பேப்பரில் படித்தேன், பச்சைப் பிள்ளையை அனுப்புவதற்கில்லை, தை போகட்டும், பிறகு யோசிக்கலாம், நீங்களும் இப்போதைக்கு வர வேண்டாம் என்று எழுதியிருந்தார். பெருமை அந்த நிமிஷமே இறங்கிவிட்டது.

உடனே, காலரா இல்லை என்று பேப்பருக்கு இன்னொரு தந்தி கொடுத்தேன். அச்சில் வரவில்லை. டிரங்க் கால் போட்டுக் கேட்டால், ஒன்றும் இல்லை என்பதெல்லாம் ஒரு செய்தியா சார் என்று சிரித்தார்கள். மறுபடி அடி அண்ணாமலைக்குப் போனேன். நான்கு பேரும் கழனியில் மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். எனக்கு எத்தனை நிம்மதி என்றால், வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர்களில் ஒரு அம்மா மட்டும் நிமிராமலே பேசினார். தெருக்குழாயில் தங்களைத் தண்ணீர் பிடிக்க விடவில்லை, கூலிக்கும் கூப்பிடத் தயங்கினார்கள் என்றார்.

“எங்களுக்கு வந்தது ஒரு நாளு வவுத்துப்போக்குங்க. அத்த நீங்க ஊருக்கே வர வச்சிட்டீங்க.”

மன்னிச்சிடுங்க என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

மறுநாள் காலை கிளம்பினேன். பஸ் ஸ்டாண்டில் இடது கையில் ஊசி. செய்யாறு போய்ச் சேர்வதற்குள் தோள்பட்டை வீங்கி, கையைத் தூக்க முடியவில்லை. மாமனார் வாசலிலேயே நிறுத்தினார். வெந்நீரில் குளிக்கவைத்து, வேறு வேட்டி கொடுத்து, ஊசிச் சீட்டை வாங்கி முன்னும் பின்னும் படித்த பிறகுதான் கூடத்தில் உட்காரவிட்டார். அப்போதும் குழந்தை அறைக்குள்ளேயே இருந்தது. அழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

காலராவே இல்லை என்று எத்தனையோ விதமாகச் சொன்னேன். அவர் அசையவில்லை.

“பேப்பர்ல போட்ருக்கான், மாப்ளே. தெரியாமலா போடுவான்?”

“அத எழுதி அனுப்புனதே நான்தான், மாமா.”

அறைக்குள் என் மனைவி குழந்தையைத் தட்டுவதை நிறுத்தினாள். நான் ஊசிப்போன சோற்றிலிருந்து ‘மக்கள் பீதி’ வரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் எழுந்து போய் ஒரு முழு வெள்ளைத்தாளும் பேனாவும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

“அப்போ இல்லேன்னும் நீங்களே எழுதுங்க. கையெழுத்துப் போடுங்க.”

எழுதினேன். நான்கு பேர், ஊசிப்போன சோறு, இரண்டு நாளில் தேறியது, இப்போது கழனியில் வேலை, வேறு யாருக்கும் ஒன்றுமில்லை. ஒரு சொல்லைக்கூடச் சுருக்கவில்லை, ஒரு சொல்லைச் சேர்க்கவும் இல்லை. அவர் கண்ணாடி போட்டு இரண்டு தரம் படித்தார். ஊசிச் சீட்டை அதற்குள் வைத்து மடித்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு உள்ளே பார்த்து, சாயந்திரத்துக்குள் ஊர் போய்ச் சேரணும், சீக்கிரம் கிளம்பு என்று மகளிடம் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெந்நீர்ச் சூடு என்று துடைத்துக்கொண்டேன்.

பொழுது சாய்வதற்குள் திருவண்ணாமலையில் இறங்கினோம். பஸ் ஸ்டாண்டில் ஊசி மேசை அங்கேயே இருந்தது. கைக்குழந்தைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, என் மனைவிக்கு ஊசி போட்டார்கள். பிறகு என்னிடம் சீட்டைக் கேட்டார்கள். அது மாமனாரின் சட்டைப்பையில் இருந்தது. காலையில் இங்கேதான் போட்டுக்கொண்டேன் என்றேன். எல்லாரும் அப்படித்தாங்க சொல்றாங்க, பேப்பர் பாக்கறதில்லையா என்றார் ஊசிக்காரர். என் மனைவி வேறு பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

வலது கையில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். வீங்கிய இடது கையையே மறுபடி நீட்டினேன்.