நூற்றுப் பன்னிரண்டு வார்த்தைகள்

பெண்களுக்கு உள்ளாடை தைப்பது அவள் தொழில். கடை அளவு எதுவும் சேராதவர்களும், அறுவை சிகிச்சையில் ஒரு பக்கத்து மார்பை இழந்தவர்களும் அவளைத்தான் தேடி வருவார்கள். பதினெட்டு வருஷமாக அந்த வீட்டில் அடுப்பெரிந்தது அவள் தையல் மெஷினால். கணவரோ எந்த வேலையிலும் ஆறு மாசம் தரித்ததில்லை. முதலாளிகள் எல்லோருமே ஒழுக்கங்கெட்டவர்கள் என்பார். மனைவி என்ன தைக்கிறாள் என்று யாராவது கேட்டால் மட்டும் மென்று முழுங்குவார்.

எங்கோ ஒரு ஒழுக்கச் சொற்பொழிவு கேட்டுவிட்டு வந்தவர், பதினைந்து வயது மகள் கெட்டுப்போகக் கூடாதென்று வீட்டுக் கம்ப்யூட்டரில் ஆபாசத் தளங்களைத் தடுக்கக் கிளம்பினார். கணக்குப் பாடத்தைத் தவிர அதில் எதையும் தேடாத பிள்ளை அது. ஒரு வாரம் கதவைச் சாத்திக்கொண்டு, தடை செய்ய வேண்டிய வார்த்தைகளை ஒற்றை விரலால் தட்டினார். வாழ்நாளில் அவர் முடித்த ஒரே வேலை.

மறுநாள் அவள் கொக்கியும் மெத்துத்துணியும் வாங்கும் இணையப் பக்கம் திறக்கவில்லை. 'குடும்பத்துக்கு ஏற்றதல்ல' என்று வந்தது. அறுவை சிகிச்சை முடிந்த ஒரு டீச்சருக்கு வெள்ளிக்கிழமைக்குள் தைத்துக் கொடுக்க வேண்டும். திறந்துவிடச் சொன்னாள். முதலில் முறுக்கிக்கொண்டவர், கடைசியில் பாஸ்வேர்டு மறந்துபோச்சு என்றார்.

கம்ப்யூட்டர் கடைப் பெண் வந்தாள். அரைமணி நேரத்தில் பூட்டை உடைத்து, எதை எடுப்பது எதை வைப்பது என்று கேட்டுப் பட்டியலை வாசித்தாள். முதல் வார்த்தை 'மார்பு'. மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு. பள்ளியில் வருகைப்பதிவு எடுப்பதுபோல் வாசித்துக்கொண்டே போனவள், இருபதைத் தாண்டியதும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். கணவர் ஜன்னலைப் பார்த்தார்.

"இதுல பாதிக்கு எனக்கு அர்த்தமே தெரியலை. இவ்வளவும் உங்களுக்கு எங்கேருந்துங்க தெரியும்?" என்றாள் மனைவி.

எல்லாம் குடும்ப நன்மைக்குத்தான் என்று அவர் முனகினார். கோபப்படக்கூட இந்த ஆள் லாயக்கில்லை என்று அவளுக்குப் பட்டது.

பட்டியலை முழுசாக அழிக்கச் சொன்னாள். ஆபாசத் தளங்களை மட்டும் தடுக்கும் வேறொரு ஏற்பாட்டைப் போடவைத்து, பாஸ்வேர்டைத் தானே வைத்துக்கொண்டாள். வியாழக்கிழமை துணி வந்தது. மறுநாள் டீச்சர் போட்டுப் பார்த்துவிட்டு, கண்ணாடி முன் வெகுநேரம் நிமிர்ந்து நின்றாள்.

அன்று சாயங்காலம் வாசலில் பக்கத்து வீட்டுக்காரரிடம், "நம்ம வீட்டுக் கம்ப்யூட்டரைச் சுத்தம் பண்ணிட்டேன் சார்" என்று கணவர் அளந்துகொண்டிருந்தது உள்ளே கேட்டது. அவள் எழுந்து அறைக்கதவைச் சாத்திவிட்டு, அடுத்த துணியை வெட்டினாள்.