நின்று நின்று ஓடிய லேப்டாப்

மார்ட்டின் பொய்யே பேசாத உத்தமன் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். லேப்டாப் ரிப்பேர்க்காரன் அவன். "நாளைக்குக் காலையில ரெடிங்க" என்று நாக்கூசாமல் சொல்லிவிட்டு ஒரு வாரம் இழுத்தடிப்பான். ஆனால் இந்தச் சம்பவம் நடந்தது. அவன் மனைவி ஜோஸ்லின் பக்கத்தில் நின்று பார்த்தாள், அவள் வாயில் பொய் வராது. நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்கள் கடைசிவரை படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

இன்னொன்று. நடுராத்திரி, நாய் ஊளை, மல்லிகைப்பூ வாசம் என்றெல்லாம் எதிர்பார்க்காதீர்கள். இது பட்டப்பகலில் நடந்தது. மே மாதம். சேலத்து வெயில் மண்டையைப் பிளக்கும் உச்சி வேளை.

கொண்டப்பநாயக்கன்பட்டியில், ஏற்காட்டுக்கு ஏறுகிற ரோட்டின் மேலேயே அவர்கள் கடை. முன்பக்கம் ஜோஸ்லினின் ஜெராக்ஸ் மிஷின். பலகைத் தடுப்புக்குப் பின்னால் மார்ட்டினின் வேலை மேஜை. ஏசி கிடையாது. மேலே ஒரு ஃபேன், அதுவும் அனலைத்தான் வாரி இறைக்கும்.

அன்று காலை கடை திறந்ததும் ஒருவர் வந்து நின்றார். ஐம்பது வயது இருக்கும். பல நாள் தாடி. மஞ்சள் பையிலிருந்து ஒரு லேப்டாப்பை எடுத்து, கைக்குழந்தையைக் கிடத்துவதுபோல் மேஜையில் வைத்தார்.

"இது உங்க கடையில வாங்குனதுதானுங்க. எம் பையன் தனுஷ் வாங்குனான்."

மார்ட்டினுக்கு நினைவு வந்துவிட்டது. திருச்செங்கோட்டுப் பக்கம் ஏதோ ஊர். ஒல்லியான காலேஜ் பையன். வாங்கும் முன் இதே மேஜையில் கேம் போட்டு, நின்றபடியே ஒரு மணி நேரம் ஆடிப் பார்த்தவன்.

"தெரியுமே! ஏங்க, தம்பி வரலையா?"

"அவன் தவறிட்டானுங்க."

அவரே சொன்னார். அவர் பெயர் தீர்த்தகிரி. போர்வெல் ரிக் வண்டி டிரைவர். சத்தீஸ்கரில் வண்டியோடு இருந்தபோது போன் வந்திருக்கிறது. தூக்கத்திலேயே பையனைப் பாம்பு தீண்டிவிட்டது.

"ரெண்டு நாள் கழிச்சுத்தான் நான் ஊடு வந்து சேந்தேன். வந்துதான் எடுத்தோம்." லேப்டாப்பின் மூடியைத் தடவினார். "கடைசியாப் பேசுனப்ப, 'அப்பா, கேம் ஆடறப்ப நின்னு நின்னு ஓடுது, டீம்ல எல்லாரும் கிண்டல் பண்றானுங்க'ன்னான். 'லீவுல வாரேன் சாமி, சரி பண்ணித் தாரேன்'னு சொன்னனுங்க. நாளைக்குக் கருமாதி. கூட்டாளிப் பசங்க எல்லாம் வாரானுங்க. அவன் படத்துக்கு முன்னால வெச்சு ஒரு ஆட்டம் ஆடறோம்னு சொல்லியிருக்கானுங்க. அது நிக்காம ஓடோணுங்க. அவன் எங்கிட்டக் கேட்டது அது ஒண்ணுதான்."

கருமாதிச் சாமான் வாங்கிக்கொண்டு சாயங்காலம் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

"இதையும் இழுத்தடிச்சேன்னு வை, உனக்குச் சோறு கிடையாது" என்றாள் ஜோஸ்லின். அவள் கண் கலங்கியிருந்தது.

"வேற எந்த வேலையையும் தொட மாட்டேன்மா, போதுமா?"

தொடவும் இல்லை. உடனே கேமைத் திறந்து ஓடவிட்டான். ஓடியது... ஓடியது... நின்றது. திரையில் ஓடிக்கொண்டிருந்த சிப்பாய் ஒரு காலைத் தூக்கியபடியே உறைந்தான். பிறகு மறுபடி ஓடினான்.

மார்ட்டின் புராசஸரின் வேகத்தைக் கோடாக வரைந்து காட்டும் சாப்ட்வேரைப் போட்டான். நாலாயிரம் மெகாஹெர்ட்ஸில் ஓட வேண்டியது திடீரென்று நானூறுக்கு விழுந்தது. டாப் கியரில் போகிற லாரியில் யாரோ பிரேக்கை மிதித்த மாதிரி. உடனே மேலே ஏறியது. மறுபடி விழுந்தது.

சூடுதான், வேறென்ன. புராசஸர் கொதித்தால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மே மாதத்தில் அவன் கடைக்கு வருகிற பாதி லேப்டாப்புக்கு இதே வியாதிதான். பின்மூடியைக் கழற்றினான். ஃபேனில் அடைந்திருந்த தூசியை ஊதினான். சூட்டை வெளியே கடத்தப் புராசஸர் மேல் பூசியிருந்த பேஸ்ட் காய்ந்திருந்தது, அதைச் சுரண்டிவிட்டுப் புதிதாகத் தடவினான்.

மறுபடி ஓடவிட்டான். விழுந்தது.

சார்ஜரை மாற்றினான். பவர் செட்டிங்கை மாற்றினான். பேட்டரியைக் கழற்றிப் பார்த்தான். எதற்கும் மசியவில்லை. அவனுக்கு மண்டை காய்ந்தது. அப்போதுதான் சூடு எவ்வளவு என்று காட்டும் எண்ணைக் கவனித்தான்.

மூன்று டிகிரி.

"சென்சார் அவுட்டு" என்று முணுமுணுத்தான். வேறு எப்படி நினைப்பது? கடைக்குள்ளேயே நாற்பதுக்குப் பக்கம் கொதிக்கிறது. எந்த ஃபேனாலும் சுற்றியிருக்கும் காற்றைவிடக் குளிராக ஒன்றை ஆக்க முடியாது. சோதிக்க லேப்டாப்பின் அடியில் விரலை வைத்தான்.

வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டான்.

"ஜோஸ்... இங்க வா. இதைத் தொட்டுப் பாரு."

அவள் தொட்டாள். "என்ன மார்ட்டின், ஃப்ரிட்ஜுல வெச்சிருந்தியா?"

லேப்டாப்பின் அடியில் நீர் முத்து முத்தாகக் கோத்திருந்தது. மேஜையிலும் ஈரம் பரவிக்கொண்டிருந்தது. ஜோஸ்லின் துணி எடுத்துத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வேர்த்தது.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். மார்ட்டின் அரளுகிற ஆள் இல்லை. மறுபடி அந்தக் கோட்டைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். இத்தனை வருடத்தில் ஒன்று அவன் கற்றிருக்கிறான்: கோளாறு தாறுமாறாகத்தான் வரும். இது அப்படி இல்லை. மெல்ல இறங்கியது. கொஞ்சம் நின்றது. மெல்ல ஏறியது. மெல்ல இறங்கியது...

"மார்ட்டின்."

"ம்?"

"நீ ஏன் இப்படி மூச்சு விடற?"

அவன் திடுக்கிட்டான். கோடு ஏறும்போது இழுத்து, இறங்கும்போது விட்டுக்கொண்டிருந்திருக்கிறான். அவனுக்கே தெரியாமல். சட்டென்று மூச்சை அடக்கினான்.

கோடு அடங்கவில்லை. அது தன்பாட்டில் ஏறி இறங்கியது.

ஸ்பீக்கரிலிருந்து ஒரு சத்தம். "ம்ம்ம்ம்ம்..." பழைய ஃப்ரிட்ஜ் உறுமுவதுபோல. கேம் சத்தத்தை அவன் எப்போதோ நிறுத்தியிருந்தான்.

பிறகு...

டொக்.

கண்ணாடியை விரல் கணுவால் தட்டும் சத்தம்.

டொக்... டொக்.

"வாசல்ல யாரும் இருக்காங்களா?" என்றான் மார்ட்டின்.

"யாரும் இல்ல." ஜோஸ்லின் அவன் தோளை இறுகப் பற்றியிருந்தாள். "அங்க பாரு. திரையில..."

திரையின் நடுவில் ஒரு வெள்ளைத் திட்டு. உள்ளங்கை அளவு. கண்ணாடியில் வாயை வைத்து ஊதினால் படியுமே, அந்தப் பனி. மெல்லப் பரவியது. மெல்ல மறைந்தது. மறுபடி பரவியது.

மார்ட்டின் துணியால் துடைத்தான். போகவில்லை.

அது உள்பக்கம் இருந்தது.

கோடு இறங்கும்போது பனி படிந்தது. ஏறும்போது மறைந்தது. அவன் சார்ஜர் வயரை நோக்கிக் கையை நீட்டினான். ஜோஸ்லின் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தாள்.

"வேண்டாம்! நிறுத்தாத!"

"விடு ஜோஸ்..."

"யாரோ மூச்சு விடறாங்க மார்ட்டின். நிறுத்தாத!"

அவன் கை அப்படியே நின்றது.

பனித் திட்டு சிறுத்தது. எலுமிச்சை அளவு...

டொக்.

இடைவெளி நீண்டது. கோடு வெகுநேரம் கீழேயே கிடந்தது. பிறகு, கஷ்டப்பட்டு, ஏறியது.

"மாதாவே... மாதாவே..." என்று ஜோஸ்லின் அழுதாள். என்ன செய்வது என்று இருவருக்கும் தெரியவில்லை.

பொட்டு அளவு.

...

பிறகு வரவில்லை.

கோடு விருட்டென்று நாலாயிரத்துக்கு ஏறியது. அங்கேயே நின்றது. லேப்டாப்பின் ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. சூடு எழுபது டிகிரி. மார்ட்டின் தொட்டுப் பார்த்தான், கை சுட்டது. திரையில் சிப்பாய் ஓடிக்கொண்டிருந்தான். ஒரு தடவைகூட நிற்கவில்லை.

சாயங்காலம் தீர்த்தகிரி வந்தார். திரையைக் குனிந்து வெகுநேரம் பார்த்தார். அவர் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது.

"நிக்காம ஓடுது சாமி... என்ன கோளாறுங்க?"

"பேஸ்ட் காஞ்சிருந்துச்சுங்க" என்றான் மார்ட்டின்.

ஜோஸ்லினால் சும்மா இருக்க முடியவில்லை. "ஐயா, இதை இத்தனை நாளா எங்க வெச்சிருந்தீங்க?"

"இப்ப அவன் கட்டில் மேல இருந்துச்சும்மா. மொத ரெண்டு நாளு அவன் கூடத்தான். நான் வாரவரைக்கும் அவனைக் கண்ணாடி ஃப்ரீசர் பெட்டியில வெச்சிருந்தாங்க. இது பக்கத்துல இல்லாட்டி அவன் தூங்க மாட்டான். அவன் கையோரமா வெச்சு மூடுங்கன்னு நாந்தான் போன்ல சொன்னேன்."

"ஆஸ்பத்திரியில என்ன சொன்னாங்க?" என்றான் மார்ட்டின்.

"கொண்டு போகலீங்க. கட்டுவிரியன் தீண்டியிருக்குது. விடியக்காலம் பாத்தப்பவே கண்ணு நட்டுக்கிச்சு, நாடி இல்லைன்னுட்டாங்க. ஆஸ்பத்திரிக்குப் போனா போஸ்ட்மார்ட்டம்னு அறுத்துப்போடுவாங்க. எம் புள்ளைய அறுக்க வேண்டாம்னு அதையும் நாந்தான் சொன்னேன்."

கட்டுவிரியன் தீண்டினால் ஆள் கட்டையாகக் கிடப்பான். இமைகூட அசையாது. மூச்சு இருப்பதே வெளியே தெரியாமல் போகும். அதனால் செத்துவிட்டான் என்று அர்த்தம் இல்லை. சிலருக்கு விஷம் தானே இறங்கி, கை கால் மெல்ல அசையவும் ஆரம்பிக்கும். மார்ட்டினுக்கு அது தெரியும்.

தீர்த்தகிரி லேப்டாப்பைப் பையில் வைத்தார். கிளம்பியவர் வாசற்படியில் திரும்பினார்.

"தம்பி, ஒண்ணு கேக்கோணுங்க. நான் ரயில்ல வாரப்ப இதுல இருந்து எனக்கு வீடியோ கால் வந்துச்சு. கூட்டாளிப் பசங்க எவனோ எடுத்து வெளையாடறான்னு ஆத்திரத்துல கட் பண்ணிட்டேன். மறுக்காவும் வந்துச்சு, அதையும் கட் பண்ணிட்டேன். ஊட்டுல கேட்டா, நான் வார வரைக்கும் பெட்டிய யாருமே தெறக்கலைங்கறாங்க. எவன் கூப்புட்டான்னு இதுல பாக்க முடியுங்களா?"

ஜோஸ்லின் முகத்தை மூடிக்கொண்டு தடுப்புக்குப் பின்னால் போய்விட்டாள்.

"முடியாதுங்க" என்றான் மார்ட்டின். "அதெல்லாம் அழிஞ்சுபோச்சு."

"பரவால்லீங்க. நாளைக்கு அவன் கூட்டாளிங்க எல்லாம் வாரானுங்க. ஒவ்வொருத்தனாக் கேட்டுக்கறேன்."

பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவர் ரோட்டைக் கடந்து பஸ் ஸ்டாப்புக்குப் போனார்.